அச்சமும் நகைச்சுவையும்: இல்லத்துத் திரையில் கண்ட ஐந்து படங்கள்

திரைப்படம் பார்ப்பதென்றால் குடும்பத்தோடு புறப்பட்டுக் கொட்டகைக்குச் செல்வது என்றிருந்த நிலை மாறிவிட்டது. இன்று கொட்டகையே நம் கூடத்திற்கு வந்துவிட்டது. கூடத்தைக் கடந்து, பிள்ளைகளின் கைப்பேசிக்குள்ளும் புகுந்துவிட்டது. எந்நேரமும், எம்மொழியிலும், எவர் துணையுமின்றிப் பார்க்கலாம். ஆகவே, "இப்படத்தைப் பிள்ளைகள் பார்க்கலாமா?" என்னும் கேள்வி முன்னெப்போதையும்விட இன்று பெற்றோர்க்கு இன்றியமையாததாகின்றது.

பேய்ப்படம் என்றாலே கூடாது, சிரிப்புப்படம் என்றாலே தீங்கில்லை என்று எண்ணுவோர் நம்மிடையே பலர். இக்கருத்து முற்றும் பொருந்துவதாக நமக்குத் தோன்றவில்லை. ஒரு படம் எதைக் காட்டி அஞ்சச் செய்கிறது, எவரைக் காட்டிச் சிரிக்கச் செய்கிறது என்பதைக் கொண்டே அதனை எடைபோட வேண்டும். இணையத்தின் வழியே நம் இல்லங்களுக்கு வந்த ஐந்து படங்களை இந்நோக்கில் காண்போம்.

தாயும் மகனும்

2022ஆம் ஆண்டு சனவரியில் வெளிவந்த மலையாளப் படம் 'பூதகாலம்'. இச்சொல்லுக்கு மலையாளத்தில் கடந்த காலம் என்றும் பொருளுண்டு. ராகுல் சதாசிவன் இயக்கியது. மனச்சோர்வால் நெடுநாள் வாடும் தாயாக ரேவதியும், படித்தும் வேலை கிடைக்காத மகனாக ஷேன் நிகமும் நடித்துள்ளனர். பாட்டி இறந்தபின் அவ்வாடகை வீட்டில் ஏதோ நடமாடுவதாக மகன் உணர்கிறான். சொன்னால் நம்புவார் இல்லை. குடியென்றும் பித்தென்றும் பிறர் பேசுகின்றனர். பெற்ற தாயும் ஐயுறுகிறாள்.

இப்படத்தில் நம்மை உலுக்கியது பேயன்று. ஒரே கூரையின்கீழ் வாழும் இருவர் ஒருவரோடொருவர் பேச இயலாமல் நிற்கும் அந்த மௌனமே நம்மை உலுக்கிற்று. வேலையின்றி அறைக்குள் அடைபட்டுக் கிடக்கும் மகனையோ, காரணமின்றிக் கண்ணீர் வடிக்கும் தாயையோ நம் பங்குகளில் நாம் காணாமலில்லை. "எல்லாம் சோம்பல்" என்று தள்ளிவிடுமுன் அவர்களை அமரச் செய்து கேட்க வேண்டும் என்பதை இப்படம் உணர்த்துகின்றது. இதில் நடித்தமைக்காக ரேவதி கேரள அரசின் சிறந்த நடிகை விருதைப் பெற்றார். சிறுவர்க்கு ஏற்றதன்று, வளர்ந்த பிள்ளைகளுடன் பெற்றோர் பார்க்கலாம்.

அகதியின் வீடு

'ஹிஸ் ஹவுஸ்' என்னும் ஆங்கிலப் படம் 2020இல் நெட்ஃபிளிக்ஸில் வந்தது. ரெமி வீக்ஸ் இயக்கிய முதல் முழுநீளப் படம் இது. தெற்குச் சூடானின் போரிலிருந்து தப்பி, கடலில் சிறுமி ஒருத்தியைப் பறிகொடுத்து, இங்கிலாந்து சேர்ந்த கணவன் மனைவியின் கதை. அரசு தந்த பாழடைந்த வீட்டில் தங்குகின்றனர். அவ்வீட்டைவிட்டு வேறிடம் போகவும் கூடாது. உழைத்துப் பொருளீட்டவும் கூடாது என்பது அவர்களுக்கு விதிக்கப்பட்ட கட்டளை. இரவானால் சுவருக்குள்ளிருந்து ஓசை எழுகிறது.

அவ்வோசை எங்கிருந்து வருகிறது என்பதை ஈண்டு உரைத்துவிட்டால் படத்தின் பயன் கெடும். உயிர்பிழைக்க வேண்டிச் செய்த ஒரு செயலின் நினைவு மனிதனை எவ்வாறு துரத்தும் என்பதே இதன் கரு என்று மட்டும் கூறுவோம். மறைத்த குற்றம் மறையாது. அதை வாய்விட்டுச் சொல்லும் நாளில்தான் விடுதலை தொடங்கும். இவ்வுண்மையை நாம் வேறு வழியிலும் அறிவோம் அல்லவா? அகதிகளைச் செய்தித்தாளில் எண்ணிக்கையாக மட்டும் வாசித்துப் பழகிய நமக்கு, அவர்களை மனிதராகக் காட்டுகிறது இப்படம். கொடூரக் காட்சிகள் உள்ளமையால் இது பெரியோர்க்கே உரியது.

விளையாட்டு வினையாகலாம்

அச்சத்தையும் சிரிப்பையும் ஒன்றாகக் கலந்த படம் 'ரோமாஞ்சம்'. ஜித்து மாதவன் இயக்கத்தில் 2023இல் திரையரங்குகளில் வெளிவந்து, பின்னர் இணையத்தில் வந்தது. 2007ஆம் ஆண்டில் பெங்களூரில் ஒரே வீட்டில் தங்கியிருக்கும் இளைஞர் எழுவர், பொழுது போகாமல் கேரம் பலகையை வைத்துக்கொண்டு ஆவியை அழைக்கும் விளையாட்டில் இறங்குகின்றனர். வேடிக்கை பயமாக மாறுகிறது. சௌபின் சாகிர் முதலானோரின் நடிப்பில் வயிறு குலுங்கச் சிரித்தோம் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

ஆயினும், இவ்விளையாட்டு விடுதிகளிலும் பள்ளிகளிலும் உண்மையாகவே நடைபெறுவதைப் பெற்றோர் அறிந்திருத்தல் நலம். ஆவிகளை அழைத்து வினவுவதைத் திருச்சபை விலக்கியுள்ளது. அறிவியலும் இதன் மாயத்தை என்றோ உடைத்துவிட்டது. மேசையின்மேல் கைவைத்து ஆவியை அழைப்பது ஐரோப்பாவில் பரவியிருந்த காலத்தில், 1853இல் மைக்கேல் ஃபாரடே என்னும் விஞ்ஞானி அதனைச் சோதித்தார். மேசையை நகர்த்துவது அமர்ந்திருப்போரின் கைகளே. தாம் நகர்த்துகிறோம் என்பதை அவர்களே அறியார் என்று மெய்ப்பித்தார். இச்செய்தியைப் படம் முடிந்ததும் பிள்ளைகளிடம் சொல்லிவிட்டால், பாதி பயம் பறந்துவிடும்.

சிரிப்பு எவரைச் சுடுகிறது?

இனி நகைச்சுவைக்கு வருவோம். ஒருவரின் நிறத்தையும், பருமனையும், தலைமயிரையும், திக்கும் நாவையும் கேலி செய்து சிரிக்க வைப்பது நம் திரைப்படங்களின் நெடுநாள் நோய். அதைக் கேட்டு வீட்டில் நகைக்கும் பிள்ளை, மறுநாள் பள்ளியில் அதே சொல்லைத் தன் தோழன்மீது எறிகிறது. பேய்ப்படம் தரும் பயம் இரண்டு இரவுகளில் நீங்கலாம். பட்டப்பெயர் தந்த காயம் ஆயுள் முழுதும் நிற்கும்.

இந்நிலையில் 2021இல் வந்த 'மண்டேலா' ஓர் ஆறுதல். மடோன் அசுவின் இயக்கிய தமிழ்ப்படம். பிற படங்களில் தம் தோற்றத்திற்காகவே கேலிக்கு ஆளான யோகி பாபு, இதில் ஊராரின் ஏளனத்திற்கு ஆளான முடிதிருத்தும் தொழிலாளியாக வருகிறார். அவருக்கு ஒரு பெயரும் இல்லை. 'இளிச்சவாயன்' என்பதே அழைப்பு. சேமிப்புக் கணக்குத் தொடங்க அஞ்சலகம் சென்றபோது, அங்கு பணிபுரியும் பெண் அவருக்கு நெல்சன் மண்டேலா என்று பெயரிடுகிறார். சாதியால் இரண்டுபட்ட அவ்வூரில் தேர்தல் வருகிறது. இருபுறமும் வாக்குகள் சமம். நேற்றுவரை நாயினும் கீழாய் நடத்தப்பட்டவரின் ஒற்றை வாக்கிற்காக ஊரே அவர் காலடியில் நிற்கிறது. சிரிப்பு இங்கே எளியவரைச் சுடவில்லை. நம் சாதிப் பெருமையைச் சுடுகிறது. இப்படம் அறிமுக இயக்குநர்க்கும் வசனத்திற்கும் தேசிய விருதுகளைப் பெற்றது முற்றும் தகும்.

சிறுவர் உள்ள இல்லங்களுக்கு, அதே 2021இல் வந்த 'தி மிட்செல்ஸ் வெர்சஸ் த மெஷின்ஸ்' என்னும் சித்திரப் படத்தைப் பரிந்துரைப்போம். திரைக்கலை பயிலச் செல்லும் மகள் கேட்டி. அவள் உள்ளத்தை அறியாத தந்தை ரிக். வழிப்பயணத்தில் எந்திரங்கள் உலகைக் கைப்பற்ற எழுகின்றன. சண்டையிட்டுக்கொண்டே இருந்த குடும்பம் ஒன்றுபடுகிறது. மகளுக்காகத் தந்தை எதைத் துறந்தார் என்பது தெரியும் இடத்தில் நம் கண்கள் ஈரமாயின. கைப்பேசியே கதையின் வில்லனாய் வருவது இன்னொரு சுவை.

பெற்றோர்க்கு ஒரு சொல்

2021ஆம் ஆண்டு இந்திய அரசு வகுத்த விதிகளின்படி, இணையத் திரைத்தளங்கள் ஒவ்வொரு படத்திற்கும் வயதுக் குறியீடு இட வேண்டும். அனைவர்க்கும், 7 வயதுக்கு மேல், 13க்கு மேல், 16க்கு மேல், வயது வந்தோர்க்கு மட்டும் என ஐந்து வகை. பிள்ளைகள் திறவாதபடி பூட்டிவைக்கும் வசதியும் உண்டு. இவற்றைப் பயன்படுத்துக. ஆனால் எந்தப் பூட்டும் பெற்றோரின் அருகிருப்புக்கு ஈடாகாது.

படத்தைத் தடுப்பது எளிது; உடனிருந்து பார்ப்பது கடினம். எனினும், மாதம் ஒரு முறையேனும் குடும்பம் முழுவதும் ஒரு திரையின்முன் அமர்க. முடிந்தபின் இரண்டே கேள்விகளைப் பிள்ளைகளிடம் கேளுங்கள்: "எதைக் கண்டு பயந்தாய்? எவரைக் கண்டு சிரித்தாய்?" அவர்கள் தரும் விடையில், அவர்கள் இதுவரை உங்களிடம் சொல்லாத செய்தி ஒன்று இருக்கக்கூடும். அதைக் கேட்கப் பொறுமை கொள்வதே பெற்றோரின் பெருங்கடமை.