ஒரு கடிதத்துக்கு 50 ரூபாய் அபராதம்

தனியாள் தொழில் – 14

வண்டி எது, பை எது என்று போன இரண்டு வாரமும் பார்த்தாயிற்று. விட்டுப்போனவர்கள் பழைய இதழைப் புரட்டிக்கொள்ளுங்கள். பைக் கூரியராகத் தனியே இறங்குகிறவர் ஒரு நடைக்கு எவ்வளவு கேட்பது, காத்திருந்தால் எவ்வளவு, மழைக்கு எவ்வளவு என்று இந்த வாரம் கணக்குப் போட்டுக் காட்டுவதாகச் சொல்லியிருந்தேன். பாதி எழுதியும் வைத்திருந்தேன். நடுவில் ஒரு பழைய சட்டம் கையில் அகப்பட்டது. அப்புறம் கணக்கில் மனசு போகவில்லை.

1898ஆம் ஆண்டின் இந்திய அஞ்சலகச் சட்டம். அதில் 4ஆம் பிரிவு. கடிதங்களை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும் உரிமை மத்திய அரசுக்கு மட்டுமே உண்டு என்கிறது. தபால் கார்டும் கடிதத்தில் சேர்த்தி. மீறினால் 58ஆம் பிரிவு காத்திருக்கிறது: ஒவ்வொரு கடிதத்துக்கும் 50 ரூபாய் வரை அபராதம். தண்டனை பெற்றவர் மறுபடி மாட்டினால் 500 ரூபாய் வரை. 1898இல் 50 ரூபாய் என்றால் சில்லறைக் காசு இல்லை.

வெள்ளைக்காரன் காலத்துச் சங்கதி, என்றோ செத்துப்போயிருக்கும் என்று நினைப்பீர்கள். அதுதான் இல்லை. இந்தச் சட்டம் 2024 ஜூன் 17 வரை உயிரோடு இருந்தது. அடுத்த நாள்தான் 2023ஆம் ஆண்டின் அஞ்சலகச் சட்டம் நடைமுறைக்கு வந்து, கடிதத்தின் மேல் அரசுக்கு இருந்த தனியுரிமையை நீக்கியது. ப்ளூ டார்ட் 1983இல் தொடங்கியது, டிடிடிசி 1990இல். தெருவுக்குத் தெரு கூரியர் போர்டு தொங்கியது. அத்தனை காலமும் சட்டப் புத்தகத்தில் இந்தப் பிரிவு அசையாமல் உட்கார்ந்திருக்கிறது! கூரியர் சிலிப்பில் 'கடிதம்' என்று எங்கேயாவது பார்த்திருக்கிறீர்களா? 'டாக்ஸ்' (ஆவணம்), 'நான்-டாக்ஸ்' (ஆவணம் அல்லாதது) என்று இரண்டு கட்டம், ஏதாவது ஒன்றில் டிக். அந்த வழக்கத்துக்குக் காரணம் இந்தச் சட்டம்தான் என்று நான் அடித்துச் சொல்லமாட்டேன். ஆனால் எல்லாருக்கும் வசதியாக இருந்தது.

என்னை உட்காரவைத்தது தடை அல்ல, விலக்குகள். மூன்று உண்டு. முதலாவது, தன் சொந்த வேலையாகப் பயணம் போகும் நண்பர், காசோ வேறு ஆதாயமோ வாங்காமல் கடிதத்தை எடுத்துப்போகலாம். மூன்றாவது, சரக்கோடு சேர்ந்து போகும், அந்தச் சரக்கைப் பற்றியே பேசும் கடிதம். இந்த இரண்டும் கிடக்கட்டும். இரண்டாவதைப் பாருங்கள். அனுப்புகிறவர் அல்லது பெறுகிறவரின் சொந்தக் காரியம் பற்றிய கடிதத்தை, அதற்கென்றே அனுப்பப்படும் ஓர் ஆள் கொண்டுபோகலாம். அதற்கென்றே அனுப்பப்படும் ஆள்! நம் தொடரின் கதாநாயகன் 1898லேயே சட்டத்துக்குள் நின்றுகொண்டிருக்கிறான், பைக் மட்டும்தான் இல்லை.

ஆனால் பிரிவின் வாலில் ஒரு கட்டளை வருகிறது. இப்படி விலக்குப் பெற்ற கடிதங்களைக்கூட யாரும் சேகரித்துத் திரட்டித் தபாலுக்கு வெளியே அனுப்பக்கூடாது. என் வாசிப்பில் இதன் பொருள்: தம்பு செட்டி தெரு வக்கீல் ஆபீஸில் ஒரு கவரை வாங்கி, அதை மட்டும் எடுத்துக்கொண்டு அண்ணா நகருக்குப் போனால் நீங்கள் சட்டம் ஒப்புக்கொண்ட தூதர். போகிற வழியில் இன்னும் மூன்று ஆபீஸில் மூன்று கவர் வாங்கிப் பையில் போட்டால் தபால் இலாகாவுக்குப் போட்டிக் கடை. ஒரே கவரோடு அண்ணா நகர் போய்த் திரும்பினால் பெட்ரோலுக்கும் டீக்கும் சரியாகப் போகும். நாலாவது கவரில்தான் லாபம். எந்த இடத்தில் ஏவலாள் வேலை முடிந்து தொழில் ஆரம்பிக்கிறதோ, சரியாக அந்த இடத்தில் கோடு கிழித்திருக்கிறார்கள். 1898இல் உட்கார்ந்து இதை எழுதியவருக்கு வியாபாரம் தெரிந்திருக்கிறது.

5ஆம் பிரிவு இன்னும் வேடிக்கை. பயணிகளையும் சரக்கையும் ஏற்றிச் செல்லும் வண்டிக்காரர்கள், அவர்களுடைய ஆட்கள் எல்லாரும் கடிதம் கொண்டுபோகக்கூடாது என்று தனியே பெயர் சொல்லித் தடுக்கிறது. காசு வாங்காவிட்டாலும் கூடாது. வண்டியில் இருக்கும் சரக்கைப் பற்றிய கடிதம் என்றால் மட்டும் சரி. மதுரையில் பஸ் டிரைவர் கையில் ஒரு கவரைக் கொடுத்து, 'அண்ணே, காலைல கோயம்பேட்டுல மச்சான் வந்து வாங்கிக்குவாரு' என்று அனுப்பாத குடும்பம் தமிழ்நாட்டில் உண்டா? கல்யாணப் பத்திரிகை, மார்க் ஷீட், மாமியாருக்கு எழுதிய நாலு வரி எல்லாம் அப்படித்தான் வந்து சேர்ந்தன. எத்தனை டிரைவர்கள், எத்தனை 50 ரூபாய்கள்!

இதே ஏகபோகம் இங்கிலாந்திலும் இருந்தது. அங்கே 1981இல் ஒரு சன்னலைத் திறந்தார்கள். அவசரத் தபாலைத் தனியார் கொண்டுபோகலாம், ஆனால் குறைந்தது ஒரு பவுண்டு கட்டணம் வாங்கியாக வேண்டும். சாதாரணத் தபாலுக்கு 20 பென்ஸ்கூட ஆகாத காலம் அது. மலிவாகக் கொண்டுபோய் அரசுத் தபாலின் வயிற்றில் அடிக்கக்கூடாது என்பதற்காகப் போட்ட நிபந்தனை. எண்பதுகளில் லண்டன் தெருக்களில் மோட்டார் சைக்கிள் தூதர்கள் பெருகினார்கள். பேரம் பேசும் வாடிக்கையாளரிடம் 'நான் என்ன சார் செய்வது, சட்டமே இதற்குக் கீழே வாங்கக்கூடாது என்கிறது' என்று கையை விரிக்கும் பாக்கியம் உலகத்தில் வேறெந்தக் கூலித் தொழிலாளிக்குக் கிடைத்தது? நம் ஊரில் விலைக்குத் தரை கிடையாது. எவ்வளவு கீழே போனாலும் அதற்கும் கீழே கேட்க ஒருவர் வருவார். கட்டணக் கணக்கை நான் அவசரமாக முடிக்கத் தயங்குவதற்கு அதுவும் ஒரு காரணம்.

ஆசிரியர் குழுவிலிருந்து போன் வந்துகொண்டே இருக்கிறது. பழைய சட்டத்தை மூடிவைத்து, உயிரோடிருக்கும் காகிதத்துக்கு வருகிறேன்.

உங்கள் பைக்கின் இன்சூரன்ஸ் பாலிசியை எடுங்கள். முதல் பக்கத்தில் பெயரும் எஞ்சின் நம்பரும் சரியா என்று பார்த்துவிட்டுச் சீட்டுக்கு அடியில் செருகுவதுதான் வழக்கம். அடுத்து, பொடி எழுத்தில் பயன்பாட்டு வரம்பு என்று ஒரு பத்தி வரும். சொந்த உபயோக டூவீலர் பாலிசி எதற்கெல்லாம் செல்லாது என்பதற்கான பட்டியல். ரேஸ் ஓட்டினால் செல்லாது. வேகச் சோதனைக்குச் செல்லாது. இவை யாருக்கும் புரியும். ஆனால் அந்தப் பட்டியலின் தலையில் நிற்பவை வேறு இரண்டு: கூலிக்கு ஓட்டுவது, சரக்கு ஏற்றுவது. சரக்கில் மட்டும் சின்ன விலக்கு: மாதிரிப் பொருள்களும் சொந்த மூட்டை முடிச்சும் போகலாம். ஆக, மெடிக்கல் ரெப் மாத்திரை சாம்பிள் நிறைந்த பையோடு போகலாம். அதே பை, அதே எடை, அதே அண்ணா சாலை. உள்ளே இருப்பது ஊராருடைய பார்சல், கொண்டுபோக நீங்கள் 80 ரூபாய் வாங்கியிருக்கிறீர்கள் என்றால் பாலிசி முகத்தைத் திருப்பிக்கொள்ளும்.

1898ஆம் ஆண்டுச் சட்டத்தின் முதல் விலக்கையும் இந்தப் பொடி எழுத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். இரண்டும் ஒரே கேள்வியைத்தான் கேட்கின்றன: காசு வாங்கினாயா? சிநேகிதத்துக்குக் கொண்டுபோனால் நீ ஒரு ஆள். கூலிக்குக் கொண்டுபோனால் நீ வேறு ஆள். தனியாகத் தொழில் தொடங்குகிறவர் வண்டி மாற்றுவதாலோ பை வாங்குவதாலோ தொழிலாளி ஆவதில்லை. முதல் 80 ரூபாயைக் கையில் வாங்கும் நொடியில் ஆகிறார். காகிதம் மட்டும் பழைய ஆளின் பெயரிலேயே இருக்கிறது.

இதனால் என்ன ஆகும்? வண்டிக்கு அடிபட்டால் கேட்கும் இழப்பீட்டை நிறுவனம் மறுக்கலாம். அது சின்ன வலி. நீங்கள் யாரையாவது இடித்துவிட்டால்தான் பெரிய வலி. பாலிசி நிபந்தனை மீறப்பட்டிருந்தால், அடிபட்டவருக்கு நிறுவனம் முதலில் கொடுக்கட்டும், பிறகு வண்டி உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளட்டும் என்று தீர்ப்பாயம் உத்தரவிடுவது உண்டு. அந்த உரிமையாளர் நீங்கள்தான். ஆயுள் முழுக்கக் கூரியர் ஓட்டினாலும் அடையாத தொகையாக அது இருக்கக்கூடும். தெருவில் ஓடும் டெலிவரி பைக்குகளில் பெரும்பாலும் வெள்ளை நம்பர் பிளேட்தானே, எல்லாரும் அப்படித்தானே ஓட்டுகிறார்கள் என்று கேட்பீர்கள். ஆமாம், அப்படித்தான் ஓட்டுகிறார்கள். ஒரு பெரிய கம்பெனியின் சட்டை போட்டு ஓட்டுகிறவருக்கு அந்தக் கம்பெனி ஏதோ ஒரு விபத்துக் காப்பீடாவது எடுத்திருக்கக்கூடும். தனியாளுக்கு அதுவும் கிடையாது. ஏஜென்ட் 'அதெல்லாம் ஒண்ணும் ஆகாது சார்' என்பார். கிளை அலுவலகத்துக்கே நேரில் போய், 'பார்சல் எடுத்துக் காசு வாங்கப்போகிறேன், எனக்கு எந்தப் பாலிசி?' என்று எழுதிக் கேளுங்கள். பதிலையும் எழுத்தில் வாங்குங்கள். பிரீமியம் கூடத்தான் செய்யும்.

பர்மிட் பற்றிப் பயம் வேண்டாம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 66ஆம் பிரிவு, மொத்த எடை 3,000 கிலோவுக்கு மேற்படாத சரக்கு வாகனத்துக்குப் பர்மிட் தேவையில்லை என்கிறது. டிவிஎஸ் எக்ஸ்எல்லில் நம் ஆட்கள் எதையெல்லாம் ஏற்றுகிறார்கள் என்பது தெரிந்தும் சொல்கிறேன், 3,000 கிலோவைத் தொட இன்னும் இடம் இருக்கிறது. வண்டியை வாடகை உபயோகத்துக்குப் பதிவு மாற்றுவது தனி விஷயம். அதை ஆர்டிஓ அலுவலகத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

'வாட்ஸ்அப் காலத்தில் காகிதத்தை யார் சார் கையில் கொடுத்தனுப்புகிறார்கள்?' என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. பாரிமுனைப் பக்கம் ஒரு முற்பகல் நின்று பார்க்கட்டும். கப்பலில் சரக்கு வந்து இறங்கியிருக்கும். பில் ஆஃப் லேடிங் என்னும் மூல ஆவணம் கப்பல் கம்பெனி ஏஜென்ட் கைக்குப் போனால்தான் டெலிவரி ஆர்டர் வரும். அந்தக் காகிதத்தின் பின்பக்கம் கையெழுத்துப் போட்டால் சரக்கே கைமாறிவிடும், அதனால்தான் நகலை நம்புவதில்லை. இலவச நாட்கள் முடிந்துவிட்டால் கன்டெய்னருக்குத் தினக் கட்டணம் ஏறும். மாலை ஐந்து மணிக்குள் ஒரு கவர் போய்ச் சேரவேண்டும் என்று கிளியரிங் ஏஜென்ட் தவிப்பது அதனால்தான். அவரிடம் பேரம் பேசுவது சுலபம். மின்னணு பில் ஆஃப் லேடிங் வந்துகொண்டிருக்கிறது, இந்த வேலை எத்தனை நாளைக்கு என்பதை நான் ஜோசியம் பார்க்கமாட்டேன். செக் வேலை அப்படித்தான் போனது. சென்னையில் 2011 செப்டம்பரில் செக்கின் படத்தை மட்டும் அனுப்பித் தீர்க்கும் முறை வந்தது. வங்கிக்கு வங்கி செக் கட்டுகள் பயணம் செய்த காலம் அத்தோடு முடிந்தது. பல் டாக்டரிடமிருந்து லேபுக்குப் போகும் பல் அச்சு இன்னும் பைக்கில்தான் போகிறது. வாயையே ஸ்கேன் செய்யும் கருவி வாங்கிய கிளினிக்குகள் அதையும் நிறுத்திவருகின்றன.

பொருள் எடுத்தால், சரக்கோடு போகவேண்டிய ஜிஎஸ்டி ஆவணமான இ-வே பில் கேட்டுப் பாருங்கள். தமிழ்நாட்டுக்குள் ஒரு லட்சம் ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள சரக்குக்கு அது வேண்டும், மாநிலம் தாண்டினால் 50,000 ரூபாய்க்கு மேல். பைக்தானே என்று விலக்கு கிடையாது. மோட்டார் இல்லாத வண்டிக்குத்தான் விலக்கு! சவுகார்பேட்டையில் மீன்பாடி வண்டியை மிதித்துக்கொண்டு போகிறவர் கேள்வியில்லாமல் போவார், அவரைத் தாண்டிப் போகும் உங்களை நிறுத்தினால் காகிதம் காட்டவேண்டும்.

இடம் தீர்ந்துவிட்டது. கட்டணக் கணக்கு அடுத்த வாரம், நாலாவது கவரிலிருந்தே ஆரம்பிக்கிறேன். அதற்குள் செய்யவேண்டியது இரண்டு. பாலிசியின் அந்தப் பொடி எழுத்தைப் படியுங்கள். சிறுதொழில்களுக்கான உத்யம் பதிவு செய்துகொள்ளுங்கள், வங்கியில் கடன் கேட்கும்போது உதவும். அரசின் உத்யம் தளத்தில் ஆதார் எண்ணை வைத்துச் செய்யலாம், கட்டணம் ஒரு பைசா கிடையாது. அதற்குப் பணம் கட்டச் சொல்லும் எந்தப் பக்கமும் அரசுடையது அல்ல.