பில் இல்லாத ‘ஒரிஜினல்’

சென்னையில் எம்.கே.பி. நகர், வியாசர்பாடி, பெரம்பூர் பக்கம் முகூர்த்த நாளில் கேமரா பையோடு பைக்கில் பறக்கும் இளைஞர்களைப் பார்க்கலாம். மாலை ரிசப்ஷனில் தொடங்கும் வேலை மறுநாள் காலை தாலி கட்டி, பந்தி முடியும்வரை ஓடும். அதற்கு ஒரு பேட்டரி போதாது, மூன்று, நான்கு பேட்டரியாவது கையில் இருக்க வேண்டும். கேமரா கம்பெனியின் பேட்டரி ஒன்றே பல ஆயிரம் ரூபாய். ரிச்சி தெருவிலோ பர்மா பஜாரிலோ கேட்டால் ஆயிரத்துச் சொச்சத்துக்குக் கிடைக்கும். கம்பெனிக்கு எதற்குக் கொட்டிக் கொடுக்க வேண்டும் என்று கேட்பது நியாயம்தான்.

ஆனால் கடையில் இருப்பது இரண்டு வகைச் சரக்கல்ல, மூன்று. கேனான், நிக்கான், சோனி போன்ற கம்பெனிகளே தரும் பேட்டரி முதல் வகை. வேறொரு கம்பெனி தன் சொந்தப் பெயரைப் போட்டு, ‘இந்த கேமராவுக்குப் பொருந்தும்’ என்று சொல்லி விற்பது இரண்டாம் வகை. இதில் சட்ட விரோதம் எதுவும் இல்லை. நல்லதும் உண்டு, சுமாரும் உண்டு. மூன்றாவதுதான் ‘ஃபர்ஸ்ட் காப்பி’. யாரோ செய்த பேட்டரிமேல் கேனான் என்றோ சோனி என்றோ அச்சடித்து, ஒரிஜினல் விலையில் பாதிக்குத் தள்ளிவிடுவார்கள். பயப்பட வேண்டியது இதற்குத்தான். சொந்தப் பெயரைப் போட்டவனையாவது தேடிப் பிடிக்கலாம்.

கேமரா பேட்டரிக்குள் பெரும்பாலும் இரண்டு லித்தியம் அயன் செல்கள் இருக்கும். ஒவ்வொன்றும் வழக்கமாக 4.2 வோல்ட் வரைதான் சார்ஜ் ஏறலாம். அந்த அளவை மீறினால் சார்ஜை நிறுத்தவும், சூடு மிஞ்சினால் துண்டிக்கவும், ஷார்ட் ஆனால் காக்கவும் உள்ளே சின்னதாக ஒரு சர்க்யூட் உண்டு. விலையைக் குறைப்பவர் கை வைப்பது பெரும்பாலும் அங்கேதான், அல்லது செல்லின் தரத்தில். வெளியிலிருந்து பார்த்தால் எதுவும் தெரியாது. அளவு மீறிச் சார்ஜ் ஏறினால் செல் உப்பும். உப்பிய பேட்டரி கேமராவுக்குள் சிக்கிக்கொண்டு வெளியே வராது. அதற்கும் மேலே போனால் தீ. இரவு முழுக்கச் சார்ஜரில் போட்டுவிட்டு, அதே ஒற்றை அறையில் பிள்ளைகளோடு படுப்பவர்கள் இந்த இடத்தை இன்னொரு முறை படிக்கவும்.

லேபிளைப் படிக்கக் கற்றுக்கொண்டால் பாதி ஏமாற்று கடையிலேயே தெரிந்துவிடும். சோனியின் என்பி-எஃப்இசட்100 பேட்டரியில் 7.2 வோல்ட், 2280 எம்.ஏ.எச்., 16.4 வாட்-அவர் என்று இருக்கும். 2280-ஐ ஆயிரத்தால் வகுத்தால் 2.28; 7.2-ஐ அந்த 2.28-ஆல் பெருக்கினால் 16.4, கணக்கு சரி. அதே அளவுள்ள பேட்டரியில் ஒருவர் 3000, 3500 என்று எழுதியிருந்தால், அல்லது பெருக்கினால் கணக்கு இடித்தால், கீழே வைத்துவிடலாம். நிக்கான் பேட்டரியில் ஹாலோகிராம் முத்திரையைப் பாருங்கள். பேட்டரியில் கேனான் லோகோ இருக்கிறதா என்று கேனான் கேமரா திரையிலேயே கேட்டால், அவசரத்தில் ‘ஓகே’ அழுத்திவிட்டுப் போகாதீர்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைவனம்) பதிவு. சிறு கருவிகளில் பயன்படும் லித்தியம் பேட்டரிகளை ஐஎஸ் 16046 தரநிலைப்படி சோதித்துப் பதிவு செய்யாமல் இந்தியாவில் விற்கக் கூடாது. கம்பெனி பேட்டரியானாலும் மாற்று பேட்டரியானாலும் இதே விதிதான். தர முத்திரையோடு ‘ஆர்’ என்று தொடங்கும் 8 இலக்க எண் இருக்கும். ‘பிஐஎஸ் கேர்’ என்ற செயலியில் அந்த எண்ணைப் போட்டால் தயாரிப்பாளர் யார், எந்தப் பொருளுக்குப் பதிவு என்று வந்துவிடும். கடை வாசலில் நின்றே பார்த்துவிடலாம். உறையில் இறக்குமதியாளரின் பெயர், முகவரி, எம்ஆர்பி, எந்த நாட்டில் செய்தது என்பவையும் இருந்தாக வேண்டும்.

ஒரிஜினல் என்றால் கோளாறே வராது என்றும் நினைக்க வேண்டாம். நிக்கான் 2012-ல் தன் ஈஎன்-ஈஎல்15 பேட்டரிகளில் ஒரு பகுதி சூடேறலாம் என்று தானே அறிவித்தது. லாட் எண்ணின் ஒன்பதாவது இடத்தில் ‘ஈ’ அல்லது ‘எஃப்’ என்ற ஆங்கில எழுத்து இருந்தால் இலவசமாக மாற்றித் தந்தது. கூடுதலாகக் கொடுக்கும் காசுக்கு உண்மையில் கிடைப்பது இதுதான்: பொறுப்பேற்க ஓர் ஆள். காப்பி பேட்டரியைத் திரும்பப் பெறுகிறோம் என்று யாரும் அறிவிக்கப் போவதில்லை.

வாரண்டி விஷயத்தில் வீண் பயம் நிறைய. மாற்று பேட்டரி போட்டாலே கேமரா வாரண்டி போச்சு என்பார்கள். கேனான் தன் கையேட்டில் சொல்வது அதைவிடக் குறைவு. வேறு கம்பெனி பேட்டரியின் கோளாறால் கேமரா கெட்டால் அந்தப் பழுது வாரண்டியில் வராது, காசு கொடுத்துச் சரிசெய்துகொள்ளலாம், அவ்வளவுதான். ஷட்டர் தானாகக் கெட்டதற்கு பேட்டரியைக் காரணம் காட்டினால், இரண்டுக்கும் என்ன தொடர்பு என்று எழுத்தில் கேளுங்கள்.

இனி பில். “பில் போட்டா 18 பர்சன்ட் ஜிஎஸ்டி வரும் சார், வேணுமா?” என்று கடைக்காரர் கேட்பார். வேணும் என்று சொல்லுங்கள். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன்படி பில் தராமல் விற்பதே நேர்மையற்ற வணிக நடைமுறை. பழுதான பொருளை பில்லில் சொன்ன கெடுவுக்குள், கெடு எதுவும் இல்லையென்றால் 30 நாளுக்குள், திரும்ப எடுத்துக்கொள்ள மறுப்பதும் அப்படியே. ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது’ என்ற அட்டையைப் பார்த்து மிரள வேண்டாம். போலி முத்திரையிட்ட சரக்கை விற்பது தனிக் குற்றம்; வர்த்தக முத்திரைச் சட்டம் 1999-இல் 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறை உண்டு.

போட்டோகிராபர்கள் பலருக்கு இங்கே ஒரு சந்தேகம் வரும். தொழிலுக்கு வாங்கியவன் நுகர்வோர் ஆவானா? வணிகத்துக்காக வாங்கியவர் நுகர்வோர் அல்ல என்கிறது சட்டம். கூடவே, சுயதொழில் செய்து பிழைப்பு நடத்துவதற்காக மட்டுமே வாங்கியவரை அந்த விலக்கிலிருந்து காப்பாற்றியும் விடுகிறது. ஒற்றை கேமராவோடு ஓடும் தம்பி நுகர்வோர்தான். அதே தம்பி கல்யாண வீட்டாருக்குச் சேவை தருபவரும்கூட. தாலி கட்டும் நேரத்தில் பேட்டரி செத்துப் படம் போனால், பெண் வீட்டார் சேவைக் குறைபாடு என்று அவர்மேலேயே வழக்குப் போடலாம். மிச்சம் பிடித்த ஆயிரங்களோடு இதையும் சேர்த்துக் கணக்குப் போட வேண்டும்.

சிக்கல் வந்தால் முதலில் கடைக்கு வாட்ஸ்அப்பிலாவது எழுதிப் போடுங்கள்; வாய்ச்சண்டை சாட்சியாகாது. ஆன்லைனில் வாங்கியிருந்தால், அந்தத் தளத்தின் குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்தில் புகாரைப் பெற்றதாகச் சொல்லி, ஒரு மாதத்தில் தீர்க்க வேண்டும். அடுத்து தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதிலும் நடக்கவில்லையென்றால் நுகர்வோர் ஆணையம். வாங்கிய கடை எந்த ஊரில் இருந்தாலும், நீங்கள் குடியிருக்கும் இடத்திலேயே வழக்குப் போடலாம். எம்.கே.பி. நகர்க்காரருக்கு அது சென்னை வடக்கு மாவட்ட ஆணையம். கொடுத்த விலை 5 லட்சம் வரை கட்டணம் கிடையாது, வக்கீல் கட்டாயமில்லை, இணையவழியிலும் மனுச் செய்யலாம். இரண்டு ஆண்டுக்குள் போட்டாக வேண்டும்.

உப்பிய பேட்டரியைக் குத்தாதீர்கள், மறுபடி சார்ஜ் போடாதீர்கள், குப்பைத் தொட்டியில் எறியாதீர்கள். இங்குள்ள குப்பை போய்ச் சேரும் கொடுங்கையூர் கிடங்கில் தீ புதிதல்ல. பேட்டரிக் கழிவு விதிகள் 2022-இன்படி இதை மற்றக் குப்பையிலிருந்து பிரித்துத்தான் கொடுக்க வேண்டும். முனைகளில் டேப் ஒட்டி, மின்கழிவு எடுக்கும் பதிவு பெற்ற நிறுவனத்திடமோ கம்பெனி சேவை மையத்திலோ சேர்க்கலாம். வழக்குப் போடும் எண்ணம் இருந்தால் மட்டும் பொறுங்கள். லேபிள் தெரியப் படம் எடுத்து, ஒரு தகர டப்பாவில் மணலுக்குள் வைத்து வீட்டுக்கு வெளியே வையுங்கள். ஆணையம் அந்த பேட்டரியையே ஆய்வகத்துக்கு அனுப்பச் சொல்லலாம்.