வீட்டிலேயே பொம்மை செய்யப் போகிறீர்களா? முதலில் ஒரு அட்டைக் குழாயை எடுத்து வையுங்கள்

கூரியரில் வந்த பெட்டியைப் பிரித்துப் பொம்மையை எடுத்துக் கொடுத்தால், ஒன்றரை வயதுக் குழந்தை பொம்மையை ஓரமாகத் தள்ளிவிட்டு அட்டைப் பெட்டிக்குள் ஏறி உட்கார்ந்துகொள்ளும். ‘அப்போ பெட்டியிலேயே ஏதாவது செஞ்சு கொடுத்துடலாமே’ என்று அம்மா அப்பாவுக்குத் தோன்றுவது இயல்புதான். செலவில்லை, ஞாயிற்றுக்கிழமை மதியம் ஒரு மணி நேரம் போதும்.

இதற்காகவே குவிந்துகிடக்கும் வீடியோக்களில் அடிக்கடி வரும் ஒரு பொம்மை: டப்பாவின் மேல் ஓர் ஓட்டை, அதற்குள் போட தண்ணீர் பாட்டில் மூடிகள். விளையாட்டு அருமையானது. அந்த மூடிதான் தப்பு.

பாட்டில் மூடியில் என்ன பிரச்சினை?

ஒன்று முதல் மூன்று வயது வரை கைக்குக் கிடைப்பதெல்லாம் வாய்க்குத்தான் போகும். மூச்சுக்குழாய் குறுகல், கடைவாய்ப் பற்கள் முழுதாக வந்திருக்காது, அடைத்ததை வெளியே தள்ளும் அளவுக்கு இருமலில் வேகமும் இருக்காது. அதனால்தான் பொம்மை ஆய்வுக்கூடங்களில் 3.17 செ.மீ. விட்டமுள்ள ஒரு சிறிய உருளையை வைத்திருக்கிறார்கள். எந்தப் பொருள் அதற்குள் முழுதாக அடங்குகிறதோ, அது மூன்று வயதுக்கு உட்பட்டவர்களுக்கு ஆகாது. சாதாரண தண்ணீர் பாட்டில் மூடியின் அகலம் சுமார் 3 செ.மீ. அப்படியே உள்ளே போய்விடும்.

வீட்டில் அந்த உருளைக்குப் பதில் டிஷ்யூ ரோலின் நடுவில் இருக்கும் அட்டைக் குழாய் போதும். அது சுமார் 4 செ.மீ. அகலம் என்பதால் ஆய்வுக்கூடத்தைவிடக் கொஞ்சம் கறாரான சோதனை. குழாய்க்குள் விழும் எதுவும் பொம்மையில் வேண்டாம். உருண்டையான பொருள்களுக்கு அதுவும் போதாது, அவை 4.45 செ.மீ.க்கு மேல் இருக்க வேண்டும். டேபிள் டென்னிஸ் பந்து 4 செ.மீ.தான் என்பதைப் பலர் யோசிப்பதில்லை.

கடையில் வாங்கும் பொம்மைகளுக்கு 2021 ஜனவரி 1 முதல் ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். வீட்டில் செய்வதற்கு அப்படிச் சோதிக்க யாரும் வர மாட்டார்கள். செய்கிறவர்தான் சோதிக்கிறவரும்.

சரி, எதைத்தான் செய்வது?

அதே டப்பா விளையாட்டையே செய்யலாம். ஷூ பெட்டியின் மேல் நீளமாக ஒரு கீறல். போடுவதற்கு ஹார்லிக்ஸ் அல்லது ஊறுகாய் பாட்டிலின் பெரிய பிளாஸ்டிக் மூடிகள். பக்கவாட்டில் கை நுழையும் அளவுக்கு ஒரு வாசல் வெட்டிவிட்டால், உள்ளே போனதை எடுத்து மறுபடியும் போடும். கண்ணுக்கு மறைந்த பொருள் இல்லாமல் போய்விடவில்லை என்பதைக் குழந்தை கைப்பட உறுதிசெய்துகொள்ளும் விளையாட்டு இது. பெரியவர்களுக்கு ஐந்தாவது தடவையே அலுத்துவிடும், அதற்கு அலுக்காது. பெட்டியில் ஸ்டேப்ளர் பின் இருந்தால் முதலிலேயே பிடுங்கிவிட வேண்டும்.

அட்டை பால், ஜூஸ் பாக்கெட்டுகளைக் கழுவிக் காயவைத்து, செய்தித்தாளைத் திணித்து, டேப் ஒட்டினால் அடுக்கும் கட்டைகள் தயார். காலில் விழுந்தாலும் வலிக்காது. பழைய சாக்ஸில் துணியை அடைத்தால் பொம்மை. கண்ணுக்குப் பட்டன் தைக்காமல் நூலால் தைத்துவிடுவது நல்லது. இழுக்கும் வண்டிக்குக் கயிறு கட்டினால் ஒரு சாணுக்கு மேல் வேண்டாம், கழுத்தில் சுற்றிக்கொள்ளும்.

கிலுகிலுப்பை கொஞ்சம் யோசிக்க வேண்டிய விஷயம். சின்ன பாட்டிலில் பருப்பு போட்டுக் குலுக்கினால் சத்தம் நன்றாகத்தான் வரும். ஆனால் மூடி கழன்றால் ஒரு கைப்பிடிப் பருப்பும் தரையில். உள்பக்கம் பசை தடவி மூடியை இறுக்கி, மேலே டேப் சுற்றி, தினமும் ஒரு தடவை திருகிப் பார்க்க வேண்டும். பெரியவர் பக்கத்தில் இல்லாத நேரத்தில் அது அலமாரியில் இருக்கட்டும். பனையோலைக் கிலுகிலுப்பைக்கும் இதேதான்: ஓலை காய்ந்து வெடித்தால் உள்ளே இருக்கும் கற்கள் வெளியே வந்துவிடும்.

கிராஃப்ட் கடையில் எதைத் தவிர்ப்பது?

ஒட்டும் பிளாஸ்டிக் கண்கள், பாசிமணி, ஜிகினா, சின்னக் காந்தம், பட்டன் பேட்டரி. கடைசி இரண்டும் வயிற்றுக்குள் போனால் குடலையும் உணவுக்குழாயையும் புண்ணாக்கக்கூடியவை. ‘தானா வெளியே வந்துடும்’ என்று காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டும். தெர்மாகோலைக் கடித்தால் உருண்டைகளாக உதிரும். பலூன் வெடித்த துண்டு தொண்டையில் ஒட்டிக்கொள்ளும். களிமண்ணுக்குப் பதில் சப்பாத்தி மாவில் மஞ்சளோ பீட்ரூட் சாறோ சேர்க்கலாம். ஆனால் நாள்பட இருக்க உப்பை அள்ளிப் போடும் செய்முறைகள், தின்றுபார்க்கும் வயதுக்கு ஏற்றவை அல்ல.

தீக்குச்சியையும் சைக்கிள் வால்வ் டியூபையும் வைத்து அரவிந்த் குப்தா பிரபலமாக்கிய பொம்மைகள் பலருக்கும் பிடிக்கும். 2018-ல் பத்மஸ்ரீ பெற்றவர் அவர். அவை பள்ளிக்கூட வயதுப் பிள்ளைகளுக்கானவை. தங்கச்சிப் பாப்பா இருக்கும் வீட்டில் அண்ணனின் தீக்குச்சிகள் உயரமான இடத்துக்குப் போக வேண்டும்.

தொண்டையில் சிக்கிவிட்டால்?

பலமாக இருமினால் இருமவிடுங்கள். தெரியாத பொருளை விரல்விட்டுத் துழாவினால் இன்னும் உள்ளே போகும். சத்தமே வராமல் மூச்சு திணறினால், குழந்தையை முன்பக்கமாகக் குனியவைத்து தோள்பட்டைகளுக்கு நடுவே உள்ளங்கையால் ஐந்து முறை பலமாகத் தட்ட வேண்டும். ஒரு வயதைத் தாண்டிய குழந்தைக்கு அதிலும் வராவிட்டால், பின்னாலிருந்து அணைத்து, தொப்புளுக்கு மேல் உள்நோக்கி மேல்பக்கமாக ஐந்து முறை அழுத்த வேண்டும். பொருள் வெளியே வரும் வரை இரண்டையும் மாற்றி மாற்றிச் செய்ய, இன்னொருவர் 108-ஐ அழைக்க வேண்டும்.

அட்டைப் பொம்மைக்கு ஆயுள் இரண்டு, மூன்று வாரம்தான். எச்சில் பட்டு ஓரம் பிய்ந்ததும் குப்பைக்கு அனுப்பிவிடலாம். அடுத்த கூரியர் எப்படியும் வந்துவிடும்.