காரின் முனகலுக்குக் காது கொடுங்கள்

ஓடும் காரில் புதிதாக ஒரு சத்தம் எழுந்தால், நம்மில் பலர் முதலில் செய்வது பாட்டின் ஒலியைக் கூட்டுவதுதான். இதற்கு நேர்மாறாக, பதறியடித்துப் பட்டறைக்கு ஓடி, சொல்லப்படும் உதிரிபாகங்களையெல்லாம் மாற்றிக்கொண்டு, அதே சத்தத்துடன் வீடு திரும்புவோரும் உண்டு. இந்த இரண்டாவது அனுபவம் எனக்கே வாய்த்தது. ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது மட்டும் காரின் அடியிலிருந்து எழுந்த 'கிணுகிணு' ஒலிக்காக என்ஜினைத் தாங்கும் மவுண்டிங்கை மாற்றினார்கள். சத்தம் போகவில்லை. பின்னர் வேறொரு மெக்கானிக், காரை உயர்த்தி நிறுத்தி, சைலன்சர் குழாயை ஒட்டியுள்ள வெப்பத் தடுப்புத் தகட்டின் திருகு கழன்றிருப்பதைக் காட்டினார். ஒரு திருகும் ஒரு வாஷரும் போதுமானதாக இருந்தன.

முதல் பட்டறையில் யாரும் ஏமாற்றியதாக நான் நினைக்கவில்லை. சத்தம் எப்படி இருக்கிறது என்று கேட்டார்கள். எதைப் பின்தொடர்கிறது என்று கேட்கவில்லை. நோய்க்கூறு அறிவதில் இந்த இரண்டாவது கேள்வியே முக்கியமானது. வேகமெடுக்கும்போது மூன்று காரியங்கள் ஒருசேர நடக்கின்றன. என்ஜினின் சுழற்சி கூடுகிறது. அதன் மீதான சுமை கூடுகிறது. சக்கரங்களின் வேகமும் கூடுகிறது. சத்தம் இந்த மூன்றில் எதனோடு சேர்ந்து வளர்கிறது என்று பிரித்தறிந்துவிட்டால், பாதிச் சிக்கல் தீர்ந்தது.

இதற்குக் கருவி எதுவும் தேவையில்லை. காரைத் திறந்த வெளியில் நிறுத்தி, கைப்பிரேக்கை இழுத்துவிட்டு, நியூட்ரலில் ஆக்சிலரேட்டரை மெல்ல மிதித்துப் பார்க்கலாம். நின்ற நிலையிலேயே சத்தம் வந்தால் என்ஜினிலோ, அது ஓட்டும் பெல்ட்டிலோ, சைலன்சர் பாதையிலோ தேட வேண்டும். ஓடும்போது மட்டும் வந்து, ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்த கணமே நின்றுபோனால், அது சுமையால் எழும் சத்தம். காலை எடுத்த பின்னும் வண்டியின் வேகத்தோடு ஒட்டியே 'ஊம்' என்று இரைந்தால், சக்கர பேரிங்கையோ டயரையோ சந்தேகிக்கலாம். டயர்களை முன்னும் பின்னும் இடம் மாற்றிப் போட்டுப் பார்த்தால், குற்றவாளி இரண்டில் எது என்பது பெரும்பாலும் தெரிந்துவிடும்.

சுமையால் எழும் சத்தங்களில் நாம் அதிகம் அலட்சியப்படுத்துவது 'நாக்கிங்'. தகர டப்பாவில் சில்லறைக் காசுகளைக் குலுக்குவது போன்ற ஒலி அது. பெட்ரோல் என்ஜினில் தீப்பொறி பட்ட இடத்திலிருந்து எரிதல் சீராகப் பரவ வேண்டும். அதற்குள் மீதமிருக்கும் கலவை வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் தானே பற்றிக்கொண்டால், அழுத்த அலைகள் சிலிண்டர் சுவரில் மோதுகின்றன. இதை அடக்க 1921-இல் தாமஸ் மிட்ஜ்லி கண்ட வழிதான் பெட்ரோலில் ஈயம் கலப்பது. ஒரு சத்தத்துக்கான அந்த மருந்து உலகின் காற்றையே நஞ்சாக்கியது. இந்தியா அதைக் கைவிட 2000-ஆம் ஆண்டு பிறக்க வேண்டியிருந்தது. இன்றைய கார்களில் இந்த ஒலியை உணரும் சென்சாரே உண்டு. நாக்கிங் தொடங்கியதும் தீப்பொறியின் நேரத்தைத் தள்ளிப்போட்டு அது நிலைமையைச் சமாளிக்கிறது. அதையும் மீறிக் கேட்கிறது என்றால், கரிப் படிவு, என்ஜினின் மிகைச்சூடு, தரம் குறைந்த எரிபொருள் ஆகியவற்றைச் சோதிக்க வேண்டும். அதற்கும் முன்பாக, ஓட்டும் பழக்கத்தைச் சோதிப்பது நல்லது. மைலேஜ் ஆசையில் கொல்லிமலை ஏற்றத்திலும் மேல் கியரை விடாமல் பிடித்துக்கொண்டிருப்பவருக்குத் தேவைப்படுவது ஒரு கியர் குறைப்பதே தவிர, புதிய உதிரிபாகம் அல்ல.

அதே மலைப்பாதையின் கொண்டை ஊசி வளைவில், ஸ்டீயரிங்கை முழுவதும் திருப்பி ஆக்சிலரேட்டரை மிதிக்கையில் 'டக் டக்' என்று கேட்டால், அது வேறு கதை. முன்சக்கரங்களால் இயங்கும் கார்களில், ஆக்சிலின் வெளிமுனையில் உள்ள இணைப்பு தேய்ந்திருக்கிறது. அதை மூடியிருக்கும் ரப்பர் உறை கிழிந்து, கிரீஸ் வெளியேறி, தூசி உள்ளே புகுவதால் வரும் வினை இது. சத்தம் தொடங்குவதற்கு முன்பே கிழிசலைக் கண்டால் உறையையும் கிரீஸையும் மாற்றினால் போதும். சத்தம் வந்துவிட்டால் இணைப்பையே மாற்ற நேரிடும்.

மழை நாள் காலையில் வண்டியைக் கிளப்பியதும் எழும் 'கிறீச்' ஒலி பெரும்பாலும் தளர்ந்த பெல்ட்டினுடையது. அவசரமில்லை, ஆனால் மாதக்கணக்கில் தள்ளிப்போட வேண்டாம். அறுந்தால் பேட்டரிக்கு மின்னூட்டம் நின்றுவிடும்.

அவசரம் தேவைப்படுபவை இரண்டு. குளிர்ந்த என்ஜினைக் கிளப்பி மிதிக்கும்போது 'டிக் டிக்' என்றோ 'புஸ்' என்றோ கேட்டு, சூடேறியதும் குறைந்தால், புகை வெளியேறும் பாதையில் கசிவு இருக்கலாம். வெப்பத்தில் உலோகம் விரிந்து வெடிப்பை மூடுவதால் சத்தம் குறைகிறதே ஒழிய, பழுது சரியாகிவிடவில்லை. அந்தப் புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. கண்ணாடியை ஏற்றிவிட்டு ஏசியில் உறங்கும் குழந்தைகளுடன் இரவுப் பயணம் போகிறவர் இதை நினைவில் கொள்ள வேண்டும். இரண்டாவது, உலோகம் உலோகத்தில் இடிக்கும் கனத்த ஓசையுடன் சிவப்பு ஆயில் விளக்கும் எரிவது. உடனே ஓரங்கட்டி என்ஜினை அணைத்துவிட வேண்டும். வீடு பக்கம்தானே என்று ஓட்டும் சில நிமிடங்களில் என்ஜினே பாழாகிவிடலாம்.

பட்டறைக்குப் போகும்போது, சத்தம் எந்த கியரில், எந்த வேகத்தில், என்ஜின் குளிர்ந்திருக்கையிலா சூடேறிய பின்பா வருகிறது என்று ஒரு தாளில் குறித்துச் செல்லலாம். மெக்கானிக்கைப் பக்கத்தில் அமர்த்தி, அவர் காதில் சத்தம் விழும்வரை ஓட்டிக் காட்டுவது இன்னும் நல்லது. கணினியில் கோளாறு எதுவும் காட்டவில்லை என்ற பதிலோடு திரும்பிவிட வேண்டாம். கழன்ற திருகும் தேய்ந்த பேரிங்கும் அந்தக் கணினிக்குத் தெரிவதில்லை. வேலை முடிந்ததும் கழற்றிய பழைய பாகத்தைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். பணம் கொடுக்கும் முன், சத்தம் வந்த அதே சாலையில், அதே கியரில் ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிடுங்கள்.