மீனுக்கு மூச்சு முட்டும் வேளை

சந்தைக்குப் போகும் அநுபவசாலிகளான தாய்மார்கள், மீனின் விலையை விசாரிப்பதற்கு முன்பே செவுளைத் தூக்கிப் பார்ப்பது வழக்கம். அது செக்கச் செவேலென்று இருந்தால்தான் பேரம் தொடங்கும். செத்த மீனின் சேதியைச் சொல்லும் அந்தச் செவுளே, உயிருள்ள மீனுக்கு நேரும் துன்பத்தையும் முதலில் சொல்லுகிறது.

நாம் சுவாசிக்கும் ஒரு லிட்டர் காற்றில் ஏறக்குறைய 210 மில்லி லிட்டர் பிராணவாயு இருக்கிறது. 30 டிகிரி சூடேறிய குளத்து நீரிலோ, காற்றிலிருந்து கரைவது லிட்டருக்கு 6 மில்லி லிட்டர்கூட இராது. இந்தச் சொற்ப மூலதனத்தைக் கொண்டு குடித்தனம் நடத்தவே, செவுளில் ஆயிரக்கணக்கான மெல்லிய தகடுகள் அடுக்கடுக்காக அமைந்திருக்கின்றன. நீர் ஒரு திசையிலும் ரத்தம் எதிர்த் திசையிலுமாக ஓடுவதால், கிடைத்த வாயுவில் பெரும் பங்கை மீன் கிரகித்துக்கொள்கிறது.

இனி, திருப்பூர் ஜில்லாவின் பண்ணைக் குட்டை ஒன்றைப் பார்ப்போம். கட்லா, ரோகு, மிர்கால் குஞ்சுகளை ஒருவர் நெருக்கமாக விட்டிருக்கிறார். சீக்கிரம் வளரவேண்டும் என்ற ஆசையில் தீனியும் தாராளமாகப் போடுகிறார். பகலில் பாசி பிராணவாயுவை உண்டாக்குகிறது. இரவிலோ அதே பாசியும், அழுகும் தீனியும், மீன்களும் ஒன்றுசேர்ந்து அதைச் செலவழிக்கின்றன. ஆகவே, வரவு செலவுக் கணக்கில் மிகவும் நெருக்கடியான வேளை விடியற்காலம். லிட்டருக்கு 5 மில்லி கிராம் இருந்தால் இந்த மீன்கள் சுகமாக வாழும். 3-க்குக் கீழே போனால் திண்டாட்டந்தான். மேக மூட்டமான நாட்களுக்குப் பிறகு, ஒரே விடியலில் குட்டை முழுவதும் செத்து மிதப்பதும் உண்டு. மாதக்கணக்கில் போட்ட முதல், பொழுது விடிவதற்குள் போய்விடுகிறது!

மூச்சுத் திணறும் மீன் வாயைப் பிளந்து அதிக நீரை இழுக்கிறது. தகடுகளில் ரத்தத்தை வேகமாகப் பாய்ச்சுகிறது. ஆனால் திறந்த வாசலில் விருந்தாளி மட்டுமா வருவான்? பிராணவாயு நுழையும் வழியாகவே உடலின் உப்பு வெளியேறுகிறது; நீரிலுள்ள விஷமும் உள்ளே புகுகிறது. இந்நிலை நீடித்தால், தகடுகளின் மேல்தோல் வீங்கிப் பிரிகிறது, அணுக்கள் பெருகி, பக்கத்துத் தகடுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன, சளி படர்கிறது. வாயு கிடைக்காத வேளையிலே வாசலும் அடைபட்டுப் போகிறது. பிழைத்த மீனும் நோய்க் கிருமிகளுக்கு எளிதில் இரையாகிறது.

எல்லா மீன்களும் இப்படி என்று சொல்வதற்கில்லை. நம் விரால் நீர்ப்பரப்புக்கு வந்து நேராகக் காற்றையே சுவாசிக்கும். குளிர்தேசத்துக் கெண்டை வகை ஒன்று, பிராணவாயு குறைந்தால் தகடுகளுக்கிடையே அடைத்திருக்கும் அணுத்திரளை விலக்கி, செவுளின் பரப்பைச் சுமார் ஏழரை மடங்கு பெருக்கிக்கொள்வதை நார்வே விஞ்ஞானிகள் 2003-ல் வெளியிட்டார்கள். அதற்கும் சில தினங்கள் அவகாசம் வேண்டும். ஓரிரவில் வரும் ஆபத்துக்கு அந்த வித்தை உதவாது.

குட்டைக்கு நேர்வது ஆற்றுக்கும் நேரும். பின்னலாடையால் கீர்த்தி பெற்ற திருப்பூரின் சாயக் கழிவுகள் நெடுங்காலம் நொய்யலில் கலந்து, கீழே ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கின. சாயம் கலங்கிய நீரில் வெளிச்சம் இறங்காது. பாசி தன் வேலையைச் செய்யாது. கழிவைச் சிதைக்கும் கிருமிகளோ இருக்கும் பிராணவாயுவையும் தின்று தீர்க்கின்றன. உப்பு மிகுந்த நீரில் அது கரைவதும் குறைவு. உழவர்கள் வழக்காடினார்கள். கழிவை அடியோடு வெளிவிடாத ஏற்பாடு இல்லாத சாயப் பட்டறைகளை மூடும்படி 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. அதன் பிறகு, கழிவு நீரைச் சுத்திகரித்து, நீரையும் உப்பையும் திரும்ப உபயோகிக்கும் முறை அங்கே வேரூன்றியது. நகரத்தை அடுத்த நஞ்சராயன் குளம் 2024-ல் சர்வதேச முக்கியத்துவம் பெற்ற ராம்சார் நீர்நிலையாக அறிவிக்கப்பட்டது. நீரும் மீனும் இருந்தாலன்றோ பறவைகள் வந்து தங்கும்?

குட்டை வைத்திருப்போருக்கு நாம் சொல்லக்கூடியது இதுதான்: குஞ்சுகளை அளவோடு விடுங்கள், மேக மூட்டமான நாளில் தீனியைக் குறையுங்கள், நீரைக் கலக்கிக் காற்றூட்டும் சக்கரத்தைப் பின்னிரவில் ஓடவிடுங்கள், விடியுமுன் ஒரு தடவை கரைக்குப் போய்ப் பாருங்கள். மீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்தால் உடனே புது நீர் பாய்ச்சுங்கள். பனியன் உடுத்தும் நம் எல்லோருக்கும் ஒரு பங்கு உண்டு. துணியின் விலையில் ஆற்றைச் சுத்தமாக வைத்திருக்கும் செலவும் அடங்கியிருந்தால், அந்தச் சில காசுகளை முணுமுணுக்காமல் கொடுப்போமாக.