காட்டு வாத்து வேட்டையும் வானிலையும்

காட்டு வாத்துகள் எப்போது பறக்கும், எங்கே இறங்கும், எவ்வளவு தாழப் பறக்கும் என்பவற்றைக் காற்றும் மழையும் நீர்மட்டமும் பெரிதும் தீர்மானிக்கின்றன. வேட்டைக்காரர்கள் இதை அறிந்தே நேரத்தையும் மறைவிடத்தையும் தேர்ந்தெடுத்தனர். இந்தியாவில் காட்டு வாத்துகளை வேட்டையாடுவது இன்று குற்றமாகும். எனினும், இப்பறவைகள் எந்த நாட்களில் எளிதில் சிக்கக்கூடும் என்பதை அறிந்து அவற்றைக் காப்பதற்கு இந்த அறிவு பயன்படுகிறது. விழுப்புரம் மாவட்டக் கடலோரத்தில் உள்ள கழுவேலி ஈரநிலம் இதற்குப் பொருத்தமான எடுத்துக்காட்டு ஆகும்.

கழுவேலியின் வாத்துகள்

கழுவேலி, புதுச்சேரிக்கு வடக்கே மரக்காணம் பகுதியில் அமைந்த உவர்நீர் ஈரநிலம் ஆகும். இது 2021 டிசம்பரில் பறவைகள் சரணாலயமாகவும், 2024இல் ராம்சர் தலமாகவும் அறிவிக்கப்பட்டது. ஊசிவால் வாத்து, தட்டைவாயன், நீலச்சிறகி போன்றவை வடக்கிலிருந்து குளிர்காலத்தில் வலசை வந்து, கோடையின் தொடக்கத்தில் திரும்புகின்றன. புள்ளிமூக்கு வாத்து, சீழ்க்கைச்சிறகி ஆகியவை இந்நாட்டிலேயே வாழ்பவை.

காற்றின் திசை

வாத்துகள் காற்றை எதிர்த்தே எழும்பும். காற்றை எதிர்த்தே இறங்கும். எதிர்க்காற்று சிறகுகளுக்குக் கூடுதல் தூக்குவிசை தருவதால், குறைந்த வேகத்தில் பாதுகாப்பாக நீரில் இறங்க முடிகிறது. வடகிழக்குப் பருவக்காற்று வீசும்போது அவை தென்மேற்கிலிருந்து அணுகி, வடகிழக்கு நோக்கி இறங்கும். எனவே வேட்டைக்காரர் காற்று தம் முதுகில் படுமாறு வடகிழக்குக் கரையில் மறைந்திருப்பார். இதில் ஒரு சிக்கலும் உண்டு: இறங்கும் பறவை மறைவிடத்தை நேராகப் பார்க்கும். ஆகவே சிலர் பக்கக்காற்றை விரும்பினர்.

காற்றின் வேகம்

காற்றில்லாத நாளில் வாத்துகள் கூட்டமாக ஏரியின் நடுவில் ஓய்வெடுக்கும். சிறு ஓசையும் நெடுந்தூரம் கேட்பதால் அவற்றை நெருங்குவது கடினம். பலத்த காற்றில் திறந்த நீர்ப்பரப்பில் அலை எழும். அப்போது அவை கோரைகள் சூழ்ந்த, காற்று படாத ஓரங்களுக்கு ஒதுங்கும். எதிர்க்காற்றின் வேகம் உயரத்தில் அதிகம் என்பதால் தாழவும் பறக்கும். மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் பறக்கும் வாத்து, 20 கி.மீ. எதிர்க்காற்றில் தரையைப் பொறுத்து 40 கி.மீ. வேகத்திலேயே நகரும், பின்காற்றில் அதுவே 80 கி.மீ. ஆகிவிடும்.

மேகமும் மழையும்

தெளிந்த வானில் வாத்துகள் உயரப் பறந்து கீழுள்ள ஆபத்தை எளிதில் காண்கின்றன. மேகமூட்டத்திலும் தூறலிலும் தாழப் பறக்கின்றன. இரைதேடும் நேரமும் நீள்கிறது. அடர்ந்த மூடுபனியிலும் கனமழையிலும் பறப்பதைப் பெரும்பாலும் தவிர்க்கின்றன.

நீர்மட்டம்

தமிழ்நாட்டில் நீர்நிலைகள் உறைவதில்லை என்பதால், இங்கு வெப்பநிலையை விட நீர்மட்டமே முக்கியம். தலையை மட்டும் நீரில் அமிழ்த்தி மேயும் வாத்துகளுக்கு ஆழம் குறைந்த நீர் தேவை. தளவானூர் அமைந்துள்ள செஞ்சிப் பகுதியின் ஏரிகள் மழையை நம்பியவை. நல்ல மழை பெய்தால் வாத்துகள் பல ஏரிகளுக்குப் பிரிந்து செல்லும். 2024 நவம்பர் இறுதியில் பெஞ்சல் புயலின்போது விழுப்புரம் மாவட்டம் மயிலத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 50 செ.மீ. மழை பதிவானது. இத்தகைய பெருவெள்ளத்தில் மேய்ச்சல் இடங்கள் மூழ்கிவிடும். மாறாக, வறட்சியில் எஞ்சிய சில நீர்நிலைகளில் பறவைகள் நெருக்கமாகக் கூடும். வலைக்கும் துப்பாக்கிக்கும் அவை மிக எளிதில் இலக்காவது அப்போதுதான்.

வேட்டையும் சட்டமும்

இராசத்தானின் பரத்பூரில் 1938 நவம்பர் 12 அன்று வைசிராய் லின்லித்கோ கலந்துகொண்ட வேட்டையில் ஒரே நாளில் 4,273 பறவைகள் சுடப்பட்டதாக அங்குள்ள கல்வெட்டு கூறுகிறது. மாறாக வேடந்தாங்கலில், ஏரிப் பறவைகளைச் சிப்பாய்கள் சுடுவதை எதிர்த்த ஊரார், 18ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே ஆட்சியர் லயோனல் பிளேசிடம் பாதுகாப்பு ஆணை பெற்றனர். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் தொடக்கத்தில் உரிமத்துடன் வேட்டையை அனுமதித்தது. 1991ஆம் ஆண்டுத் திருத்தம் அதையும் நீக்கியது.

வேட்டை அனுமதிக்கப்படும் நாடுகளிலும் வானிலை கணக்கில் கொள்ளப்படுகிறது. பிரித்தானியாவில் கடும் உறைபனி ஏறத்தாழ இரு வாரங்கள் நீடித்தால், நீர்ப்பறவை வேட்டை அரசாணையால் நிறுத்தப்படும். பசியால் மெலிந்த பறவைகளை மேலும் விரட்டக்கூடாது என்பதே காரணம்.

இன்றைய பயன்

காற்றின் திசையை அறிந்தால் வாத்துகள் இறங்கும் இடத்தை முன்கூட்டியே கணிக்கலாம். பறவை நோக்குவோர் அவற்றைக் கலைக்காமல் தள்ளி நின்று பார்க்கலாம். புயலுக்குப் பின்னரும், நீர் வற்றும் மாதங்களிலும், மூடுபனிக் காலைகளிலும் கண்காணிப்பைக் கூட்டுவது கள்ளவேட்டையைத் தடுக்க உதவும். முன்பு வேட்டைக்கு ஏற்றவையாகக் கருதப்பட்ட நாட்களே இன்று காவல் மிகவும் தேவைப்படும் நாட்கள் ஆகும்.