சர்வரைக் கூட்டினால் வரிசை குறையாது

2023 செப்டம்பர் 15 அன்று கலைஞர் மகளிர் உரிமைத் தொகைத் திட்டம் தொடங்கியது. வந்த விண்ணப்பங்கள் 1.63 கோடி, ஏற்கப்பட்டவை 1.06 கோடி. விடுபட்ட 56 லட்சத்துக்கும் மேற்பட்டோர் இ-சேவை மையம் வழியாக மேல்முறையீடு செய்ய 30 நாள் அவகாசம் தரப்பட்டது. முதல் சில நாட்களிலேயே சர்வர் திணறியது.

திருச்சி மாவட்டத்து மருங்காபுரி வட்டம் போன்ற வானம் பார்த்த பூமியில் "சர்வர் இல்லம்மா, நாளைக்கு வாங்க" என்ற சொல்லுக்கு விலை உண்டு. துவரங்குறிச்சிக்கோ மணப்பாறைக்கோ போய்வரும் நேரமும் ஒரு நாள் கூலியும் போகும். சென்னையில் இருப்பவர் இரவு பதினொரு மணிக்கு மறுபடி முயன்று பார்த்துவிடுவார். மையம் பூட்டிய பிறகு மருங்காபுரிக்காரர்களுக்கு அந்த வழியும் கிடையாது.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். 56 லட்சம் பேரும் 30 நாளில், நாளுக்கு எட்டு மணி நேரம், சீராக வந்தால் நொடிக்கு ஆறேழு பேர். சின்ன சர்வரே தாங்கும். அவர்களில் பத்தில் ஒருவர் மட்டும் முதல் நாள் காலை இரண்டு மணி நேரத்துக்குள் வந்தால் நொடிக்கு 78 பேர். சராசரியை நம்பிக் கட்டிய மென்பொருள் அந்த இரண்டு மணி நேரத்தில்தான் விழும்.

விழுவதும் படிப்படியாக நடப்பதில்லை. தாறுமாறாக வரும் கோரிக்கைகளை ஒரே சர்வர் கவனிக்கும்போது, அதன் திறனில் பாதி செலவானால் காத்திருப்பு ஒரு வேலைக்கான நேரம் அளவுக்கு இருக்கும். 90 விழுக்காட்டில் அது ஒன்பது மடங்கு, 95-இல் 19 மடங்கு. "இன்னும் பத்து விழுக்காடு மிச்சம் இருக்கிறது" என்று அதிகாரி அறிக்கை எழுதும்போதே மையத்தின் திரையில் வட்டம் சுற்றத் தொடங்கியிருக்கும்.

உடனே சர்வர் எண்ணிக்கையைக் கூட்டச் சொல்வார்கள். ஒரு சர்வர் ஒரே நேரத்தில் 200 கோரிக்கைகளைக் கையாளும், ஒவ்வொன்றும் அரை நொடி எடுக்கும் என்றால் நொடிக்கு 400 முடியும். பின்னால் இருக்கும் டேட்டாபேஸ் தளர்ந்து அரை நொடி ஐந்து நொடியானால் 400 என்பது 40 ஆகிவிடும். முன்னால் பத்து சர்வரைப் புதிதாக நிறுத்தினால் அவை எல்லாம் அதே டேட்டாபேஸில்தான் போய் மோதும், தளர்ந்தது படுத்தேவிடும். கணினி வடிவமைப்பாளர் ஜீன் ஆம்டால் 1967-லேயே இதற்கு வரம்பு சொன்னார்: வேலையில் ஐந்து விழுக்காடு ஒன்றன்பின் ஒன்றாகத்தான் நடக்க வேண்டும் என்றால், எத்தனை இயந்திரம் சேர்த்தாலும் வேகம் 20 மடங்கைத் தாண்டாது. இ-சேவை வேலையில் இந்த ஐந்து விழுக்காடு பெரும்பாலும் ஓடிபி, ஆதார் சரிபார்ப்பு போன்ற, அடுத்தவர் கையில் இருக்கும் கதவுகள்.

போதாததற்கு, பதில் வராத மைய ஊழியர் ரீஃப்ரெஷை அழுத்துவார், இன்னொரு பக்கத்தையும் திறப்பார். ஒரு பெண்ணின் விண்ணப்பம் சர்வருக்கு நான்காகத் தெரியும். ஊழியரைக் குறை சொல்லிப் பயனில்லை, வாசலில் இருபது பேர் நிற்கிறார்கள்.

சர்வர் மட்டுமே தடை அல்ல என்பதற்கு ஓர் உதாரணம்: 2021 ஏப்ரல் 28 மாலை 4 மணிக்கு, 18 வயதைக் கடந்த எல்லோருக்கும் கோவின் தளத்தில் கொரோனா தடுப்பூசிப் பதிவைத் திறந்தார்கள். சில நிமிடங்களில் பலருக்கு ஓடிபி வரவில்லை, தளம் முடங்கியது. அன்று பதிவு செய்தவர்கள் ஒரு கோடியைத் தாண்டினார்கள் என்பதும் உண்மை. ஆனால் அவர்களுக்குக் கொடுக்கப் போதிய ஊசி இல்லை. தளம் முடங்காமல் இருந்திருந்தாலும் ஊசி கூடியிருக்காது.

ரயில்வே கதையும் இதற்குத் தூரமில்லை. 2014-இல் ஐஆர்சிடிசி தன் அமைப்பைப் புதுப்பித்து நிமிடத்துக்கு 2,000 டிக்கெட் என்பதை 7,200 ஆக்கியது. 2025 மே 22 அன்று ஒரே நிமிடத்தில் 31,814 டிக்கெட் பதிவானது. அதே ஆண்டு ரயில்வே இன்னொன்றையும் சொன்னது: தட்கல் திறக்கும் முதல் ஐந்து நிமிட நுழைவு முயற்சிகளில் பாதி வரை மனிதர்களுடையது அல்ல, பாட் மென்பொருளுடையது. இரண்டரைக் கோடிப் பயனர் கணக்குகள் முடக்கப்பட்டன. கொள்ளளவைக் கூட்டியதில் எவ்வளவு யாருக்குப் போனது என்று பார்க்காமல் இன்னும் கூட்டுவது வீண்செலவு.

உரிமைத் தொகைக்கே திரும்பினால், முதல் கட்டம் வேறு மாதிரி நடந்தது. 2023 ஜூலை, ஆகஸ்டில் ரேஷன் கடை ஊழியர்கள் விண்ணப்பத்தோடு டோக்கனும் கொடுத்தார்கள். எந்த நாளில் விண்ணப்பப் பதிவு முகாமுக்கு வர வேண்டும் என்பது அதில் இருந்தது. முகாம்களும் இரண்டு கட்டமாகப் பிரிக்கப்பட்டன. பொங்கல் தொகுப்புக்குத் தெருவாரியாகத் தேதி போட்டுக் கொடுக்கும் பழைய ரேஷன் கடை முறைதான். மேல்முறையீட்டுக்கு அந்தத் தேதிப் பிரிப்பு இல்லை. இனி ஒரு திட்டத்துக்குக் கடைசித் தேதி அறிவிக்கும் துறையிடம், எத்தனை சர்வர் வாங்கினீர்கள் என்பதற்கு முன் கேட்க வேண்டியவை இரண்டு: முதல் நாள் காலை எத்தனை பேர் வருவார்கள் என்று வைத்து லோட் டெஸ்ட் செய்தீர்கள், மருங்காபுரிக்கு எந்தத் தேதி?